உடலில்லாத போர்ட்டுக்குப் பெயரே உடல்

கணினிக்குள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு இசைக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் மெய்நிகர் மிடி போர்ட்டுகள், அவற்றுக்கு நாம் வைக்கும் பெயர்கள், அந்தப் பெயர்களைப் பேணும் முறை: இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். போர்ட்டுக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. அதற்கு விடையாகத்தான் இந்த உரை முழுவதும் அமையப்போகிறது. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மெய்நிகர் போர்ட்டுக்கு உடல் கிடையாது. பெயர் ஒன்றுதான் அதற்கு உடல். ஆகவே அந்தப் பெயரைத் தற்செயலின் கையில் விட்டுவிடக் கூடாது. போர்ட் செய்யும் வேலையைச் சொல்லும் பெயரை மனிதர் வைக்க வேண்டும். வைத்த பெயரை மென்பொருள் மறக்காமல் காக்க வேண்டும்.

முதலில் உடல் உள்ள போர்ட்டைப் பார்ப்போம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புரொஃபெட்-600 என்ற சிந்தசைசரும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 என்ற சிந்தசைசரும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் விசையை அழுத்தினால் மற்றொன்று ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் செய்த இரண்டு கருவிகள் ஒரே மொழி பேசின. டேவ் ஸ்மித், இக்குத்தாரோ காக்கேஹாஷி ஆகிய இருவரின் முயற்சியில் பிறந்த அந்த மொழிதான் மிடி. அந்தக் கம்பியில் ஒலி போவதில்லை. எந்த விசை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகள் மட்டுமே போகின்றன. ஐந்து முள் கொண்ட வட்டமான செருகி. நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு கம்பிக்குள் 16 சேனல். இவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் காலத்துக் கலைஞர் தன் கம்பியை எப்படி அடையாளம் கண்டார்? கண்ணால் கண்டார், கையால் தொட்டார். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். நிறம் இருந்தது, நீளம் இருந்தது, இடம் இருந்தது. பெயர் இல்லாமலே வேலை நடந்ததற்குக் காரணம், அந்தக் கம்பிக்கு ஓர் உடல் இருந்ததுதான்.

மெய்நிகர் போர்ட்டுக்கு இவற்றில் எது இருக்கிறது? நிறம் இல்லை. நீளம் இல்லை. எட்டிப் பார்க்க மேசையின் பின்புறம் இல்லை. மேக் கணினியில் ஐ.ஏ.சி. டிரைவர் என்று ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. ஆடியோ மிடி செட்டப் என்ற பயன்பாட்டைத் திறந்து, அதை இயங்குநிலைக்குக் கொண்டுவந்தால், ஒரு மென்பொருள் அனுப்புவதை மற்றொன்று பெறலாம். விண்டோஸில் நீண்ட காலமாக இந்த வசதி உள்ளுக்குள் இல்லாததால், டோபியாஸ் எரிக்சன் எழுதிய லூப்மிடி, நெர்ட்ஸ் வெளியிட்ட லூப்பீ போன்ற தனி மென்பொருள்களைப் பலரும் நாடினார்கள். லினக்ஸில் ஆல்சா சீக்வென்சர் என்ற அமைப்பு, எந்த மென்பொருளும் தனக்கென ஒரு போர்ட்டை உருவாக்கிக்கொள்ள இடம் தருகிறது. மூன்று இடத்திலும் பயனர் இறுதியில் காண்பது என்ன? ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் சில பெயர்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இசை கேட்கும். தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு எந்த எச்சரிக்கையும் வராது, எந்தப் பிழைச்செய்தியும் வராது. கட்டளை புறப்பட்டுவிட்டது, ஆனால் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. மிடி ஒரு திசையில் மட்டும் ஓடும் மொழி. "கிடைத்தது" என்று மறுமுனை பதில் சொல்வதில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே பெயர் இங்கே அலங்காரமாக இருக்க முடியாது.

சரி, பெயரை யாரும் வைக்காவிட்டால் என்ன நடக்கிறது? எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான துன்பம் இங்கேதான் விளைகிறது. லினக்ஸின் ஆல்சா சீக்வென்சரில் ஒவ்வொரு மிடி கருவிக்கும் ஓர் எண் உண்டு. கணினியில் செருகப்பட்ட கருவிகளுக்கு 16, 20, 24 என்று நான்கு நான்காக எண் ஏறும்; பயனர் இயக்கும் மென்பொருள்களுக்கு 128-இலிருந்து தொடங்கும். இந்த எண் கருவியின் குணத்தால் வருவதில்லை, வந்து சேர்ந்த வரிசையால் வருகிறது. இன்று காலை கீபோர்டு முதலில் விழித்தால் அதற்கு 20. நாளை வேறொரு கருவி முந்திக்கொண்டால் கீபோர்டுக்கு 24. நேற்று 20-ஐ நம்பி எழுதிய இணைப்பு இன்று வேறு கருவிக்குப் போய்ச் சேரும். விண்டோஸின் பழைய மல்டிமீடியா முறையிலும் இதே கதைதான். அங்கே கருவிகள் 0, 1, 2 என்று அடுக்கப்படுகின்றன. 0 பிடுங்கப்பட்டால் 1 இருந்தது 0 ஆகிவிடும். போதாக்குறைக்கு, அதே கீபோர்டை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால் அதன் பெயருக்கு முன்னால் "2-" என்று ஒரு ஒட்டு சேர்ந்து, புதிய கருவி போலத் தோன்றும். ஒரு தெருவில் காலைதோறும் யார் முதலில் கதவைத் திறந்தாரோ அவர் வீட்டுக்கு ஒன்றாம் எண் என்று வைத்தால், தபால்காரர் என்ன செய்வார்? நம் இசை மென்பொருள்கள் பல ஆண்டுகளாக அந்தத் தபால்காரரின் நிலையில்தான் இருக்கின்றன.

எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்தானே என்று கேட்கலாம். போதாது, அன்பர்களே. மென்பொருள் தானாகச் சூட்டும் பெயருக்குள்ளேயே எண் ஒளிந்திருக்கும். ஃப்ளூயிட்சிந்த் என்ற அருமையான இலவச சிந்தசைசர் இருக்கிறது. உலகெங்கும் லினக்ஸ் இசைஞர்கள் நம்பும் மென்பொருள். அது ஆல்சாவில் தன்னைப் பதிவு செய்யும்போது, இயல்புநிலையில், தன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அப்போதைய இயக்க எண்ணைச் சேர்த்துக்கொள்கிறது. கணினி ஒவ்வொரு முறை அதைத் தொடங்கும்போதும் அந்த எண் வேறு. ஆகவே ஒவ்வொரு முறையும் பெயரும் வேறு. அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு ஃப்ளூயிட்சிந்த் ஓடினால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் விளைவு? நேற்று இரவு பார்த்துப் பார்த்துச் செய்த இணைப்புகள் இன்று காலை ஒரு பெயரையும் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். அதே மென்பொருளில் போர்ட்டின் பெயரை நாமே குறிப்பிட ஓர் அமைப்பும் இருக்கிறது. அடையாள எண்ணை நிலையாக வைக்கவும் வழி இருக்கிறது. தேடிப் போய் மாற்றுகிறவருக்குத்தான் அது பயன்படுகிறது. ஆர்.டி.மிடி என்ற புகழ்பெற்ற நிரல் நூலகம் ஆல்சாவில் போர்ட் பெயர்களைத் தரும்போது, பெயரின் வாலில் அந்த மாறும் எண்களை ஒட்டிக் கொடுக்கிறது. அந்தப் பெயரை அப்படியே சேமித்துவைக்கும் மென்பொருள், பெயரைச் சேமிப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணைச் சேமிக்கிறது. க்யூஜாக்கன்ட்ரோல் போன்ற இணைப்புப் பலகைகளில், பெயரின் மாறாத பகுதியை மட்டும் பொருத்திப் பார்க்கும் குறிமுறைகள் சேர்க்கப்பட்டதன் தேவை இதுதான். நிலையற்ற பெயரை ஒருவர் உருவாக்க, அந்த நிலையின்மையைத் தாண்ட இன்னொருவர் உழைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாகச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. அவர்களைப் பாராட்டாமல் போகக் கூடாது. ஆப்பிளின் கோர்மிடி அமைப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் வேறு, அடையாள எண் வேறு. மெய்நிகர் போர்ட்டை உருவாக்கும் மென்பொருளுக்கு அங்கே ஓர் அறிவுரை எழுதப்பட்டிருக்கிறது: சென்ற முறை இந்த போர்ட்டுக்கு என்ன அடையாளம் இருந்ததோ அதையே இந்த முறையும் கொடுங்கள், அப்போதுதான் மற்ற மென்பொருள்கள் உங்களை நினைவில் வைத்திருக்க முடியும் என்று. லினக்ஸ் உலகில் ‘நான் செஷன் மேனேஜர்’ (Non Session Manager) என்ற அமர்வு மேலாளர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு மென்பொருளைத் தொடங்கும்போதே, "இந்த அமர்வில் உன் பெயர் இது" என்று மேலாளர் சொல்லிவிடும். மென்பொருள் அந்தப் பெயரில்தான் தன் போர்ட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே சிந்தசைசரின் இரண்டு பிரதிகள் ஓடினாலும் ஒவ்வொன்றும் தன் பெயரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். பிரித்தறிவது, நிலைத்திருப்பது என்ற இரண்டு தேவைகளும் ஒருங்கே நிறைவேற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த அறிவு புதிதாகத் தோன்றியதும் அல்ல. 1990-களில் மேக் கணினியில் இசையமைத்தவர்கள் ஓப்கோட் நிறுவனத்தின் ஓ.எம்.எஸ். என்ற அமைப்பைப் பயன்படுத்தினார்கள். தங்கள் கூடத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எது எந்தத் துளையில் இருக்கிறது என்று அதில் ஒருமுறை எழுதிவைத்துவிடுவார்கள். அதன் பிறகு சீக்வென்சரில் தெரிவது கருவியின் பெயர் மட்டும்தான். கம்பியை மாற்றினால் ஓ.எம்.எஸ்.ஸில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பாட்டுகள் எதையும் தொட வேண்டாம். நிறுவனம் 1998-இல் கைமாறிய பிறகு ஓ.எம்.எஸ். தேய்ந்து மறைந்தது. மிடி கோப்பு வடிவத்தின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1988-இல் தரப்படுத்தப்பட்ட அந்தக் கோப்பில், ஒரு தடம் எந்த போர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்க ஒரே ஒரு பைட்டில் எண் எழுதும் வழக்கம் பரவியது. இரண்டாம் போர்ட் என்று எழுதினால் யாருடைய கணினியில் எது இரண்டாம் போர்ட்? விடை இல்லை. பிற்பாடு, கருவியின் பெயரையே எழுத்தில் எழுதும் குறிப்பு ஒன்று தரத்தில் சேர்க்கப்பட்டது. எண்ணிலிருந்து பெயருக்கு நகர்ந்தது தற்செயல் அல்ல. எண் ஒரு கணினிக்கு மட்டுமே பொருள் தரும். பெயரோ அடுத்த கணினியில் அமரும் மனிதருக்கும் பொருள் தரும்.

அப்படியானால் எப்படிப்பட்ட பெயர்? என் விடை: போர்ட் செய்யும் வேலையின் பெயர். மேக்கில் தானாக வரும் பெயர் "பஸ் 1". அது எதையும் சொல்வதில்லை. பலர் அதை மாற்றி, இன்று பயன்படுத்தும் சாம்ப்ளர் என்ற ஒலிக்கருவி மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் வைக்கிறார்கள். அது இன்றைக்கு உண்மை. சாம்ப்ளர் மாறிய நாளில் அந்தப் பெயர் பொய். ஆனால் "தந்திகள்" என்று வைத்த பெயர், எந்தச் சாம்ப்ளர் வந்து தந்தி இசையைக் கொடுத்தாலும் உண்மையாகவே இருக்கும். "தாளம்" என்ற பெயர் அப்படியே. "கடிகாரம்" என்ற பெயர் அப்படியே. கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒரே லயத்தில் ஓட மிடி கடிகாரத் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. கால்சுரம் ஒன்றுக்கு 24 துடிப்பு. நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் நொடிக்கு 48. இவற்றை இசைக்குறிப்புகள் போகும் அதே போர்ட்டில் கலந்துவிட்டால், சிக்கல் வரும்போது எது எதைக் கெடுத்தது என்று பிரிப்பது கடினம். மெய்நிகர் போர்ட்டுக்குக் காசு இல்லை. கடிகாரத்துக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று, பொத்தான்களும் தள்ளுவிசைகளும் அனுப்பும் கட்டுப்பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துவிட்டால், பெயரைப் படித்ததுமே எதை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பது விளங்கிவிடும். ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தடம், ஒத்திசைவு, தொலைக்கட்டுப்பாடு என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. பெயர் வேலையைச் சொன்னால், அவற்றில் எதை இயக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

வேலையைச் சொல்லாத பெயரின் விலை என்ன என்பதைப் பின்னூட்டச் சுழலில் கண்கூடாகக் காணலாம். ஒரே போர்ட் உள்ளீட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, வெளியீட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் ஒரே பெயர். ஒரு மென்பொருள் அதில் அனுப்பியதைத் தானே திரும்பப் பெற்று, பெற்றதை மீண்டும் அதிலேயே அனுப்பினால் ஒரு சுரம் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கும். கம்பியில் இது நடந்தால் அதற்கு ஓர் எல்லை உண்டு: மூன்று பைட் கொண்ட ஒரு கட்டளை போக ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். மெய்நிகர் போர்ட்டுக்கு அந்த வேகத் தடை கிடையாது. கட்டளைகள் வெள்ளமாகப் பெருகி மென்பொருளையே உறைய வைத்துவிடும். லூப்பீயும் லூப்மிடியும் இத்தகைய சுழலைக் கண்டறிந்து போர்ட்டை அடக்கும் ஏற்பாட்டைத் தங்களுக்குள் வைத்திருப்பது, இது அடிக்கடி நடப்பது என்பதற்கே சான்று. க்யூபேஸ் என்ற இசை மென்பொருளில் புதிய தடம் "எல்லா மிடி உள்ளீடுகளும்" என்ற கூட்டத்தைக் கேட்கும்; மெய்நிகர் போர்ட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தால் சுழலுக்கு வாசல் திறந்துவிட்டது என்று பொருள். போர்ட்டின் பெயரிலேயே எங்கிருந்து எங்கே என்பது எழுதப்பட்டிருந்தால், உதாரணமாக "நொட்டேஷனிலிருந்து சாம்ப்ளருக்கு" என்று இருந்தால், நொட்டேஷன் மென்பொருளின் உள்ளீட்டுப் பட்டியலில் அதைப் பார்க்கும் கண் உடனே விழித்துக்கொள்ளும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நிரலாளர்களிடமிருந்து வரும். "பெயர் மனிதருக்கு, கணினிக்கு அடையாள எண் போதும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் மாறாத தனி எண்ணைக் கொடுத்துவிட்டால் பெயரைப் பற்றிக் கவலை எதற்கு?" வலுவான வாதம். கோர்மிடியை நானே மேலே பாராட்டினேன். ஆனால் அந்த எண் எந்த எல்லைக்குள் மாறாதது? ஒரு கணினிக்குள். சென்னையில் ஒருவர் இசையமைத்த கோப்பை டொரன்டோவில் இருக்கும் இன்னொருவர் திறக்கும்போது, அங்குள்ள ஐ.ஏ.சி. போர்ட்டுக்கு அடையாள எண் வேறு. ஐந்து ஆண்டு கழித்துப் புதிய கணினியில் பழைய பாட்டைத் திறக்கும்போதும் வேறு. அப்போது திரையில் "போர்ட் கிடைக்கவில்லை" என்று வந்தால், கிடைக்காத போர்ட்டின் எண்ணைப் படித்து எந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? "தந்திகள் என்ற போர்ட் கிடைக்கவில்லை" என்று வந்தால் அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கி அரை நிமிடத்தில் பாட்டை மீட்டுவிடலாம். எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் எண்ணைத் தேடு, கிடைக்காவிட்டால் பெயரைத் தேடு, அதுவும் கிடைக்காவிட்டால் பழைய பெயரைக் காட்டி மனிதரைக் கேள் என்பதே மென்பொருளுக்கு நான் சொல்லும் முறை. இதற்கு இணையான இன்னொரு நல்ல ஏற்பாடு போமே நிறுவனத்தின் மிடி டிரான்ஸ்லேட்டர் புரோவில் இருக்கிறது: திட்டக் கோப்பு ஒரு மாற்றுப்பெயரை மட்டுமே அறியும், அந்த மாற்றுப்பெயர் இந்தக் கணினியில் எந்த போர்ட் என்பதை இந்தக் கணினியின் சொந்தக்காரர் முடிவு செய்வார். ஓ.எம்.எஸ்.ஸின் பழைய ஞானம் அங்கே உயிரோடு இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு கலைஞர்களிடமிருந்து வரும். "மனத்தில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போர்ட்டுக்குப் பெயர் யோசிப்பது யாருக்கு முடியும்? ஒழுங்கு கற்பனையைக் கொல்லும்." இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், மெட்டு காத்திருக்காது என்பது உண்மை. அதனால்தான் சொல்கிறேன், மெட்டு வரும் நேரத்தில் பெயர் வைக்காதீர்கள். அதற்கு முன்பே வைத்துவிடுங்கள். போர்ட்டை உருவாக்கும் கணமே பெயரிடும் கணம். வெற்று வார்ப்புருக் கோப்பு ஒன்றில் நான்கைந்து போர்ட்டுகளை, வேலைப் பெயரோடு, உரிய தடங்களோடு இணைத்து ஒருமுறை சேமித்துவிட்டால், மெட்டு வரும் நேரத்தில் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. கற்பனையைக் கொல்வது பெயர் அல்ல. பதினாறு "பஸ்"களில் எது ஊமையாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் அந்த அரைமணி நேரம்தான்.

மூன்றாம் மறுப்புதான் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது. "இன்று எல்லா வாத்தியமும் ஒரே மென்பொருளுக்குள் பிளக்-இன் ஆக வந்துவிட்டது. மெய்நிகர் போர்ட்டே தேவையில்லை. தேவையில்லாததற்குப் பெயர் எதற்கு?" வீட்டில் ஒற்றைக் கணினியில் ஒற்றை மென்பொருளோடு வேலை செய்பவருக்கு இது சரியே. ஆனால் நடைமுறை வேறு திசையிலும் நகர்ந்திருக்கிறது. மென்பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்துவந்த ரீவயர் என்ற தொழில்நுட்பத்தை அதை உருவாக்கிய நிறுவனமே 2020-உடன் கைவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் லயத்தை ஒத்திசைக்க மீண்டும் மெய்நிகர் போர்ட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது. மேடைக் கச்சேரியில் இசையோடு விளக்குகளும் காட்சிகளும் ஒத்துப்போக வேண்டும். அந்த விளக்கு மென்பொருள் இசை மென்பொருளுக்குள் ஒரு பிளக்-இன் ஆக வரப்போவதில்லை. சுரக்குறிப்பு எழுதும் மென்பொருளிலிருந்து பெரிய சாம்ப்ளர் தொகுப்புகளை ஒலிக்கச் செய்பவர்களுக்கும், ஒரு போர்ட்டுக்கு 16 சேனல் என்ற எல்லையைத் தாண்டிப் பெரும் வாத்தியக் குழுவை அடுக்குபவர்களுக்கும் பல போர்ட்டுகள் தேவைப்படுகின்றன. லினக்ஸிலோ, சிறு சிறு மென்பொருள்களைக் கோத்து ஒரு கூடத்தை உருவாக்குவதே வாழ்முறை. போர்ட் குறைந்துகொண்டு வருகிறது என்பதற்கு இவற்றில் எதுவும் சான்றாகாது.

பெயரின் நீளத்தைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் தமிழர்களாகிய நாம் தனியே சிந்திக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸின் பழைய முறையில் ஒரு போர்ட்டின் பெயருக்கு 31 எழுத்துக்குறிகளுக்கு மட்டுமே இடம். அதற்கு மேல் வெட்டுப்படும். ஆகவே வேறுபடுத்தும் சொல் முன்னால் வர வேண்டும். கூடத்தின் பெயர், கணினியின் பெயர், பிறகு வேலை என்று நீட்டி எழுதினால், வெட்டுப்பட்ட பிறகு எல்லா போர்ட்டும் ஒரே பெயரோடு நிற்கும். வேலையை முதலில் எழுதுங்கள், மற்றவை பின்னால். அடுத்து, தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் பழைய நிரல்கள் சில இன்னும் பழைய எழுத்துமுறையிலேயே பெயரைக் கேட்கின்றன; அவற்றில் தமிழ் எழுத்துகள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும், இரண்டு போர்ட்டுகளைப் பிரித்தறிய வழியே இருக்காது. ஆகவே இப்போதைக்கு, போர்ட்டின் பெயரை எளிய ரோமன் எழுத்தில் வைத்து, க்யூபேஸ், ரீப்பர் போன்றவை தரும் மாற்றுப்பெயர் வசதியில், அந்த மென்பொருள் ஏற்குமானால், தமிழை எழுதுவதே பாதுகாப்பானது.

வருங்காலம் இதைவிட நம்பிக்கை தருகிறது. 2020-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மிடி 2.0, கருவியின் பெயரை மிடியின் மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தத் தரத்தில், ஒரு முனை தன் பெயரை 98 பைட் வரை யூ.டி.எஃப்-8 எழுத்தில் சொல்லலாம்; அதோடு தனக்கே உரிய ஓர் அடையாளத்தையும் தரலாம்; தனக்குள் இருக்கும் ஒவ்வொரு செயற்பகுதிக்கும் தனித்தனிப் பெயரும் சொல்லலாம். பெயரும் அடையாளமும் வேறு வேறு, இரண்டும் வேண்டும், வேலைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நான் இதுவரை வாதிட்ட மூன்றையும் தரமே ஒப்புக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 6.5-இலிருந்து இதற்கு ஆதரவு தருகிறது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் மிடி சர்வீசஸ் என்ற பெயரில் திறந்த மூலத் திட்டமாகப் புதிய அமைப்பை வளர்த்துவருகிறது, அதில் மெய்நிகர் இணைப்புகளும் பயனர் பெயரிடும் வசதியும் உள்ளமைந்தே இருக்கின்றன. இங்கேதான் நம் மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். "மிருதங்கம்" என்ற சொல்லில் பத்துக் குறியீடுகள். ஆகவே 30 பைட். 98 பைட்டில் முழுதாக 32 தமிழ்க் குறியீடுகள் அடங்கும். எஞ்சும் இரண்டு பைட்டில் தமிழ்க் குறியீடு எதுவும் அடங்காது. ரோமன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல் கண்ணை மூடிக்கொண்டு 98-இல் வெட்டினால், கடைசித் தமிழ் எழுத்து உடைந்து பெயரே செல்லாததாகிவிடும். குறியீட்டின் எல்லையில் வெட்டினாலும் போதாது: புள்ளி தனிக் குறியீடு என்பதால், "தாளம்" என்பதன் கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து "தாளம" என்று நிற்கும். எழுத்து முழுமையாக எங்கே முடிகிறதோ அங்கே வெட்ட வேண்டும். இதை வெளிநாட்டு நிரலாளர் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்க முடியாது. ஆல்சாவும் ஃப்ளூயிட்சிந்தும் விண்டோஸ் மிடி சர்வீசஸும் திறந்த மூலத் திட்டங்கள். தமிழ்ப் பெயரை வைத்துச் சோதித்து, உடைவதைக் காட்டி, திருத்தத்தையும் எழுதி அனுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாகப் பராமரிப்பு. மெய்நிகர் போர்ட்டை உருவாக்கும் மென்பொருள், இசை மென்பொருளுக்கு முன்னால் தொடங்க வேண்டும். லூப்மிடியின் போர்ட்டுகள் லூப்மிடி ஓடும்வரைதான் உயிரோடு இருக்கும். இசை மென்பொருள் பலவும் தொடங்கும் வேளையில் ஒருமுறை மட்டுமே பட்டியலைப் பார்க்கும். ஆகவே கணினி விழிக்கும்போதே அது ஓடத் தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். ஒரு போர்ட்டின் வேலை மாறிவிட்டால் அதன் பெயரை மாற்றாதீர்கள். புதிய வேலைக்குப் புதிய போர்ட்டை உருவாக்குங்கள், ஏனெனில் பழைய பெயரைத் தேடிக்கொண்டு பழைய பாட்டுகள் இருக்கின்றன. ஒரு பெயரை ஒருமுறை ஒரு வேலைக்குக் கொடுத்தால் அதை வேறு வேலைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போது, எந்த போர்ட், எந்த வேலை, எந்தச் சேனல் என்று ஒரு சிறு உரைக்கோப்பையும் உடன் வையுங்கள். மென்பொருள் எழுதுபவர்களிடம் நான் கேட்பது மூன்று: போர்ட்டுக்கு நாங்கள் வைத்த பெயருக்குள் உங்கள் எண்ணைத் திணிக்காதீர்கள், காணாமற்போன போர்ட்டின் பெயரைக் கோப்பிலிருந்து அழிக்காதீர்கள், அது திரும்பி வரும்போது தானாக இணைத்துவிடுங்கள்.